குறைந்த வெளிச்சத்தில் படம் எடுக்க: ஏலத்தோட்டத்தில் கற்ற செட்டிங்ஸ்

டிஜிட்டல் கேமரா வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதன் டயலை ‘ஆட்டோ’வில் வைத்துவிட்டு அப்புறம் தொடுவதே இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். நல்ல வெயிலில் அதுவே போதும். வெளிச்சம் குறைந்தால்தான் ஆட்டோ காலை வாரிவிடும். என்னை வாரிவிட்ட இடம் போடி மலைக்கு மேலே உள்ள ஓர் ஏலத்தோட்டம்.

போடிநாயக்கனூரில் இருக்கும் என் பெரியம்மா பல வருடங்களாக ஏலக்காய் எடுக்கப் போகிறவர். விடிவதற்கு முன்பே ஜீப் வந்துவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டைத் தாண்டினால் கேரளா. பூப்பாறைப் பக்கம் தோட்டங்கள். போன சீசனில், “இந்த வருசத்தோட சரிப்பா, முட்டி விடல” என்று சொல்லிவிட்டார். அவர் காய் எடுப்பதை ஒரு படமாவது எடுத்து வைத்துவிட வேண்டும் என்று தோட்டத்தில் அனுமதி கேட்டு நானும் அதே ஜீப்பில் ஏறினேன்.

ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். அதனால் தோட்டத்தில் உயர்ந்த மரங்களை விட்டுவைத்திருப்பார்கள். அதற்குக் கீழே ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த ஏலம். காயோ தூரடியில், தரையை ஒட்டிய சரத்தில் இருக்கிறது. ஆக, குனிந்து எடுப்பவரின் முகத்துக்கு மர நிழல், இலை நிழல், காலை மூடுபனி என மூன்று திரைகளைத் தாண்டித்தான் வெளிச்சம் வர வேண்டும். நம் கண் இதைப் பழகிக்கொள்ளும். கேமரா பழகாது.

முதல் படத்தில் பிளாஷ் தானாக எழும்பி அடித்தது. பனித்துளிகள் எல்லாம் வெள்ளைப் பொட்டாக விழுந்தன. பின்னால் கன்னங்கரேல் என்ற இருட்டு. திரையைப் பார்த்த பெரியம்மா, “ஏண்டா, என்னையப் பேயாட்டம் எடுத்து வச்சிருக்க?” என்றார். பிளாஷை நிறுத்திவிட்டு நாற்பது படங்கள் எடுத்தேன். சின்னத் திரையில் நன்றாகத்தான் தெரிந்தன. வீட்டில் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் ஒன்றுகூடத் தேறவில்லை. விரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல் கோடு.

ஏன் என்று கண்டுபிடிப்பது எளிது. விண்டோஸில் படக் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸ் சென்று, டீடெயில்ஸ் டேபைத் திறந்து பாருங்கள். கேமரா அந்த நொடியில் தேர்ந்தெடுத்த எண்கள் அதில் இருக்கும். என் படத்தில் இருந்தவை: எஃப் 5.6, 1/25 வினாடி, ஐ.எஸ்.ஓ. 1600. சுறுசுறுப்பாகக் காய் பறிக்கும் விரலை 1/25 வினாடியில் நிறுத்த முடியாது. லென்ஸில் இருக்கும் ‘ஸ்டெபிலைசேஷன்’ நம் கை நடுக்கத்தைத்தான் குறைக்கும், எதிரே இருப்பவரின் கை அசைவை அல்ல. பலரும் இங்கேதான் ஏமாறுகிறோம்.

எனவே முதலில் முடிவு செய்ய வேண்டியது ஷட்டர் வேகம். வேலை செய்யும் கைக்கு 1/125க்குக் குறையக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு 1/60 போதும். 1/25லிருந்து 1/125 என்றால் கேமராவுக்குள் போகும் ஒளி ஐந்தில் ஒரு பங்காகிவிடும். அதை வேறு எங்கிருந்தாவது ஈடுகட்ட வேண்டும் அல்லவா?

செலவில்லாத வழி ஒன்று உண்டு. கேமராவோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸில் 55க்கு ஜூம் செய்தால் துவாரம் எஃப் 5.6, 18க்குத் திரும்பினால் எஃப் 3.5. ஒளி இரண்டரை மடங்கு கூடிவிடும். ஜூமைக் குறைத்துவிட்டு நாம் இரண்டடி கிட்டே போக வேண்டியதுதான். கூடவே ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு ஏற்றினால் கணக்கு சரியாகிவிடும்.

இரண்டாவது வழி, 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். எஃப் 3.5ஐவிட ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளி, ஐ.எஸ்.ஓ. 800 போதும். நண்பரிடம் இதை இரவல் வாங்கிக்கொண்டு அடுத்த சுற்றுக் காய் எடுப்புக்குப் போனேன். ஆனால் இதிலும் ஒரு சிக்கல். ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் ஆறேழு சென்டிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும். முகம் தெளிந்தால் விரல் மங்கும், விரல் தெளிந்தால் முகம் மங்கும். எனக்கு இரண்டும் வேண்டும். எஃப் 2.8க்கு வந்து, 1/125, ஐ.எஸ்.ஓ. 2000 என்று வைத்தேன். முகத்தையும் கையையும் ஒரே தூரத்தில் பார்க்கும்படி பக்கவாட்டில் மண்டியிட்டுக்கொண்டேன். கண்ணில் போகஸ். ஐ.எஸ்.ஓ. கூடினால் படத்தில் புள்ளிகள் வரும் என்று பயப்படாதீர்கள். புள்ளியைப் பிறகு குறைக்கலாம். அசைந்துபோன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

படத்தை ரா பார்மேட்டில் எடுப்பது நல்லது. இலைகளுக்கு ஊடே வரும் வெளிச்சம் பச்சையாக இருப்பதால் முகமும் பச்சையடிக்கும். ராவில் எடுத்தால், இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் மென்பொருளில் ஒயிட் பேலன்ஸைத் திருத்திக்கொள்ளலாம். பனி பிரேமை நிறைத்தால் கேமரா படத்தை இருட்டாக்கும். அப்போது எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கூட்டல் 0.7க்கு நகர்த்துங்கள்.

மொபைல் வைத்திருப்பவர்கள் ‘நைட் மோட்’ இருக்கிறதே என்பீர்கள். அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது. விடியலில் நிற்கும் ஜீப்புக்கு அருமை. அசையும் கைக்கு ஆகாது. புரோ மோட் இருந்தால் அதில் ஷட்டரை நீங்களே வையுங்கள்.

காய் உலர்த்தும் ஸ்டோருக்கும் போனேன். உள்ளே 50 டிகிரி செல்சியஸ் வரை சூடு. குளிரிலிருந்து நுழைந்ததும் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்க மீண்டும் படியும். கேமராவை பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி எடுத்துப்போய், அது அந்தச் சூட்டுக்கு வந்த பிறகு பையைத் திறக்க வேண்டும். அந்தச் சூடு கேமராவுக்கும் ஆகாது என்பதால் நான் வாசலில் நின்றே எடுத்தேன். காய் தரம் பிரிக்கும் அறையில் எல்.ஈ.டி. விளக்குகள் இருந்தன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்தால் ஷட்டரை 1/100 அல்லது 1/50க்கு மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது நாள் எடுத்ததில் ஆறு படங்கள் தேறின. ஒன்றை எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் பிரிண்ட் போட்டேன். மானிட்டரில் உறுத்திய புள்ளிகள் தாளில் தெரியவே இல்லை. பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தன் முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “அந்தச் சரத்துல ரெண்டு காயி முத்தல, அதை விட்டிருக்கேன் பாரு” என்று விரலை வைத்துக் காட்டினார்.