விதைக்குள் இருக்கும் ஈரமும் வெளியில் இருக்கும் குளிரும்



விதை முளைக்க நீர், காற்று, ஏற்ற வெப்பம் ஆகிய மூன்றும் வேண்டும். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இரவில்கூட 23, 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வெப்பம் இறங்குவது அரிது. இங்குள்ள விதை குளிரைச் சந்திப்பது பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டிக்குள்தான். அந்தக் குளிர் மிளகாய் விதையைக் காக்கும். ரம்புத்தான் கொட்டையைக் கொன்றுவிடும். காரணம், விதைக்குள் இருக்கும் ஈரம்.

நெல், வெண்டை, கத்தரி, மிளகாய், பயறு போன்றவற்றின் விதைகளை நன்றாக உலர்த்தினாலும் உயிர் போவதில்லை. உலர்ந்த விதை இருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது விதை அறிவியலில் நெடுநாளாக வழங்கும் கணக்கு. 2008-இல் நார்வேயின் ஸ்வால்பார்டில் திறக்கப்பட்ட உலக விதைக் கிடங்கு இந்த வகை விதைகளைத்தான் உறைநிலைக்கும் கீழே, −18 டிகிரியில் வைத்திருக்கிறது.

டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன், கொக்கோ, ரப்பர் தரும் பால்மரம் ஆகியவற்றின் விதைகள் அங்கே போக முடியாது. ஈரத்தோடு விழும் இவ்விதைகள் காய்ந்தாலும் சாகும், குளிர்ந்தாலும் சாகும். உறைநிலைக்குக் கொண்டுபோனால் உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகித் திசுவைக் கிழித்துவிடும். கொக்கோ விதைக்கு உறைநிலைகூட வேண்டாம். 15 டிகிரிக்குக் கீழே வைத்தாலே விரைவில் கெட்டுப்போகும். 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்த பால்மர விதைகள் சுமார் 70,000. முளைத்தவை நூற்றுக்கு நான்குகூட இல்லை. அதனால்தான் மறு ஆண்டு சிங்கப்பூருக்கு விதைகளை அனுப்பாமல் 22 நாற்றுகளை அனுப்பினார்கள். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வித்திட்டவை இவை. இத்தகைய விதைகளைப் பற்றிய முக்கியமான நூல் ஒன்றை, செர்டாங் வேளாண் பல்கலைக்கழகத்தின் எச்.எஃப். சின், இங்கிலாந்தின் ஈ.எச். ராபர்ட்ஸுடன் சேர்ந்து எழுதி 1980-இல் கோலாலம்பூரிலேயே வெளியிட்டார். வெப்பநாட்டு விதைகளின் சிக்கலை வெப்பநாட்டிலிருந்தே ஆராய்ந்தது பொருத்தம்தான்.

உலர்ந்த விதைக்கும் ஓர் ஆபத்தான வேளை உண்டு. அது நீரை உறிஞ்சத் தொடங்கும் முதல் சில மணி நேரம். காய்ந்திருக்கும்போது செல்லைச் சூழ்ந்த மெல்லிய சவ்வு ஒழுங்கு குலைந்திருக்கும். நீர் ஏறியதும் மீண்டும் ஒழுங்குபடும். அப்போது நீர் சில்லென்றிருந்தால் அந்தச் சீரமைப்பு தாமதமாகி, சர்க்கரையும் உப்புகளும் வெளியே கசியும். கசிந்த சர்க்கரையைத் தேடி மண்ணிலுள்ள பூஞ்சை வரும், விதை அழுகும். பருத்தி, அவரை, வெண்டை ஆகியவை இதில் எளிதில் பாதிக்கப்படும். தப்பிப் பிழைத்தவையும் நல்ல நாற்றாவதில்லை: வேர்நுனி கருகும், முளைப்பு முன்னும் பின்னுமாக நடக்கும், தண்டு மெலியும். நாற்று வெளியே வந்துவிட்டது என்பதாலேயே அது நலமாக இருக்கிறது என்று எண்ணுவது பெரும் தவறு. நெல் 10, 12 டிகிரிக்குக் கீழே முளைப்பதே கடினம். முளைத்த இளம் நாற்றும் குளிரில் மஞ்சளித்து வளர்ச்சி குன்றும்.

குளிரை விரும்பும் விதைகளும் உண்டு. சாலட் கீரை எனப்படும் லெட்டூஸின் பல வகைகள் 30 டிகிரிக்கு மேல் முளைக்க மறுக்கும். குளிர்ந்த கேமரன் மலையில் செழிப்பாக வளரும் அந்தக் கீரையைக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி பால்கனியில் விதைத்தால், விதை போலி என்ற பழி கடைக்காரர் மேல் விழும். ஈரத்துணியில் சுற்றி ஓரிரு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விதைத்தால் பெரும்பாலும் முளைத்துவிடும். செம்பனைக்கு இதற்கு நேர்மாறு: அதன் கொட்டையின் உறக்கத்தைக் கலைக்க 40 டிகிரிக்குச் சற்றே குறைவான சூட்டில் பல வாரங்கள் வைக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் விதை சேமிப்போர் அதை நிழலில் நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். எடுத்தவுடன் மூடியைத் திறந்தால் கிள்ளானின் ஈரக்காற்று குளிர்ந்த விதை மேல் நீராகப் படியும். அறையின் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். ரம்புத்தான் கொட்டையைச் சேமிக்க வழியில்லை; பழம் தின்ற அன்றே ஊன்றிவிட வேண்டும்.