இராவானப் படங்களிற் காணும் இனந்தெரியா ஒளிகள்

இரவு வானத்தை ஒளிப்படம் பிடிப்போர்க்குத் தாம் கண்ணாற் காணாத ஒளியொன்று படத்திற் பதிந்திருத்தல் என்றேனும் நேரும். அதனை இன்னதெனத் துணிதற்குப் படம் மட்டும் போதாது. எந்நேரத்தில், எத்திசை நோக்கி, எத்தனை செக்கன் கமராவைத் திறந்துவைத்து எடுக்கப்பட்டது என்னுங் குறிப்பும் உடன் வேண்டும்.

முதற்கண் ஐயுறற்பாலது கமராவே. படத்தினுள் நிலவோ வீதிவிளக்கோ இருப்பின், அதனொளி வில்லைகளினிடையே தெறித்துப் போலியுருவொன்றைத் தோற்றுவிக்கும். அப்போலி பெரும்பாலும் படத்தின் நடுப்புள்ளிக்கு மறுபுறத்தே, விளக்குக்கு நேரெதிராக நிற்கும். பறக்குந் தட்டுகள் எனப் பேர்பெற்ற படங்கள் சில இவ்வகையினவே. இக்காலத்து எண்ணிமக் கமராக்களிற் பழுதுற்ற உணரிப் புள்ளியும் விண்மீன்போல் ஒளிர்வதுண்டு. வானின் எப்பகுதியை நோக்கினும் அது படத்தில் ஒரே இடத்திற் காணப்படும்.

இனி வானத்தில் உள்ளவற்றை நோக்குவாம். 30 செக்கனில் விண்மீன் எட்டிலொரு பாகைக்கு மேல் நகராது. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்திற் செல்லும் சர்வதேச விண்வெளி நிலையமோ, உச்சிக்கருகே செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு பாகை கடந்து சீரான கோடு வரையும். புவிநிழலுட் புகுமிடத்து அக்கோடு மங்கி மறையும். விமானத்தின் கோட்டில் மினுக்கு விளக்குகள் புள்ளிகளாய் இடையிட்டுத் தோன்றும். எரிநட்சத்திரத்தின் கோடு பெரும்பாலும் நுனிகள் கூர்ந்து இடை பருத்திருக்கும். செய்மதியின் கோடுபோல் அடுத்த படத்திலே தொடராது.

கோடாகாது புள்ளியாய் நிற்கும் ஒளியே அறிதற்கரியது. 1980களிற் கனடாவிலே பொழுதுபோக்காக வானை நோக்கிய சிலர், பெர்சியசு விண்மீன் குழுவின் பக்கத்தே மீண்டும் மீண்டும் ஒளிவீச்சுக்களைக் கண்டனர். 1985 மார்ச் 19 ஆந் திகதி ஒன்றைப் படமும் பிடித்தனர். காமாக் கதிர்களை வெடித்து வீசும் அரிய வான்பொருளொன்று அங்குண்டோ என்னும் எண்ணம் எழுந்தது. 1987 இல் வெளியான ஆய்வோ, கொசுமொசு 1400 என்னுஞ் சோவியத் செய்மதி அந்நேரத்தில் அவ்விடத்தைக் கடந்ததைக் காட்டிற்று. அதன்மீது பட்டுத் தெறித்த சூரிய ஒளியே படத்திற் பதிந்தது. படம் எடுத்த நேரம் செம்மையாகக் குறிக்கப்படாதிருப்பின், செய்மதிப் பாதைக் கணக்கோடு ஒப்பிடுதல் எங்ஙனம் இயலும்?

நம் மாணவர் இருவர் சேர்ந்து செய்யத்தக்க சோதனையும் ஒன்றுண்டு. 30 கிலோமீற்றர் இடைவெளியில் நின்று ஒரே வேளையிற் படமெடுப்பின், 400 கிலோமீற்றர் உயரத்தில் உச்சிக்கருகே செல்லுஞ் செய்மதி, பின்னணி விண்மீன்களிடையே ஏறக்குறைய 4 பாகை இடம் மாறித் தோன்றும். அது முழுநிலவின் அகலம்போல் எட்டு மடங்கு. விண்மீனோ சிறிதும் இடம் மாறாது.