செயல்முறைக் குறியீடும் தமிழ் இலக்கணமும்

முன்னுரை

'ஒழுகுதல்' என்னும் வினைச்சொல்லுக்கு நீர் முதலியன பாய்தல் என்றும், நெறிப்படி நடத்தல் என்றும் இருபொருள் உண்டு. ஒரு பணி தொடங்கிய இடத்திலிருந்து முடியும் இடம்வரை, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு நெறிப்படி செல்வதையே இக்கால மேலாண்மையியலார் செயல்முறை என்பர். அதனைப் படமாக வரைதற்கு உலகெங்கும் வழங்கும் பொதுக் குறியீடு பி.பி.எம்.என். ஆகும். கணினியியலார்க்கும் வணிகவியலார்க்குமே உரியதெனக் கருதப்படும் இக்குறியீட்டைக் கற்பதற்குத் தமிழ் மாணவரின் இலக்கணப் பயிற்சி பெருந்துணையாகும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திருவரங்கத்து ஒழுகு

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருவரங்கத்தில், கோயிலின் வரலாற்றையும் நடைமுறைகளையும் கூறும் நூலுக்குக் 'கோயிலொழுகு' என்றே பெயர். இராமாநுசர் கோயிற் பணியாளரைப் பத்துக் கொத்துகளாக வகுத்து அவரவர் கடமையை வரையறுத்தார் என்று அந்நூல் கூறுகிறது. பெருங்கோயில் ஒன்றின் அன்றாட அலுவல், ஒருவரது நினைவை மட்டும் நம்பி நடைபெற இயலாது. இன்ன பணி இன்னார்க்கு உரியது என்பது எழுத்தில் நிற்றல் வேண்டும். இன்றைய குறியீட்டுக்கும் இத்தேவையே அடிப்படை. அங்குச் சொல் செய்ததை இங்குப் படம் செய்கிறது.

பொதுக் குறியீட்டின் தோற்றம்

நிறுவனந்தோறும் வெவ்வேறு வகையில் படம் வரைந்துவந்த நிலையை மாற்ற, 2004ஆம் ஆண்டில் இக்குறியீட்டின் முதற்பதிப்பு வெளியாயிற்று. 2011இல் இரண்டாம் பதிப்பு வந்தது. 2013இல் இது பன்னாட்டுத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. பொதுக் குறியின் பயனைத் திருச்சிராப்பள்ளியார் நன்கு அறிவர். திருவெறும்பூர்க் கொதிகலன் ஆலை போன்ற தொழிற்கூடங்களில், வரைபடத்திலுள்ள பற்றவைப்புக் குறியை வரைந்தவரும் பற்றவைப்பவரும் ஒரே பொருளில் கொள்ளவேண்டும். அலுவலகப் பணிக்கும் அத்தகைய ஐயமற்ற மொழி தேவைப்படுகிறது.

குறியும் இலக்கணமும்

தொல்காப்பியம் சொல்லதிகார வேற்றுமை மயங்கியல், ஒரு தொழிலுக்கு முதனிலையாக எட்டினைக் கூறுகிறது: வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன் என்பன அவை. இவற்றுள் பலவற்றுக்கு இக்குறியீட்டில் தனி வடிவம் உண்டு.

வினை, முனை மழுங்கிய செவ்வகம். அதனுள் 'விண்ணப்பத்தைச் சரிபார்' என்பதுபோல் செயப்படுபொருளும் வினையும் சேர்த்து எழுதப்படும். செய்பவர்க்கு உரியது நீண்ட பட்டை. எவர் பட்டையில் செவ்வகம் உள்ளதோ அவரே எழுவாய். செயப்படுபொருளான தாள், மூலை மடிந்த ஏடாக வரையப்படும். காலம், வட்டத்தினுள் கடிகாரம். மெல்லிய கோட்டு வட்டம் தொடக்கம். தடித்த கோட்டு வட்டம் முடிவு.

சாய்சதுரம் வழி பிரியும் இடம். அதனுள் பெருக்கற்குறி இருப்பின் 'அல்லது' என்று பொருள்; பல வழிகளுள் ஒன்றே நிகழும். கூட்டற்குறி இருப்பின் அஃது எண்ணும்மை. எல்லா வழிகளும் நிகழும்.

ஓர் எடுத்துக்காட்டு

கல்லூரி ஒன்றில் மாணவர் மாற்றுச் சான்றிதழ் பெறுவதைக் கொள்வோம். நூலகமும் ஆய்வகமும் விடுதியும் நிலுவையில்லை என்று ஒப்பமிடவேண்டும். வழக்கத்தில் மாணவரே தாளைச் சுமந்து ஒவ்வோர் இடமாகச் செல்வார். ஓரிடத்தில் அலுவலர் இல்லையெனில் அன்றைய பொழுது வீண். உடன் வந்த தந்தை நாட்கூலி பெறுபவராயின் அக்கூலியும் இழப்பே.

இதனைப் படமாக வரைந்தால், மூன்று ஒப்பங்களுள் ஒன்று மற்றொன்றைச் சார்ந்ததன்று என்பது வெளிப்படும். அலுவலகம் பெயர்ப் பட்டியலை மூவர்க்கும் ஒருங்கே அனுப்பலாம். கூட்டற்குறிச் சாய்சதுரத்தில் மூன்றாகப் பிரியும் வழி, மற்றொரு கூட்டற்குறிச் சாய்சதுரத்தில் கூடும். மூன்று விடைகளும் வந்தபின்னரே சான்றிதழ் எழுதப்படும்.

இங்கு ஒரு விதியை மறத்தலாகாது. உம்மையால் பிரிந்த வழிகளை உம்மையாலேயே கூட்டவேண்டும். 'அல்லது' குறியால் கூட்டினால் ஒவ்வொரு விடைக்கும் ஒருமுறையாக, மும்முறை சான்றிதழ் எழுதும் நிலை வரும். மாறாக, 'அல்லது' எனப் பிரித்து உம்மையால் கூட்டினால், வாராத விடைக்காகப் பணி என்றும் காத்துநிற்கும். மேலும், மாணவர் கல்லூரிப் பணியாளர் அல்லராதலின் அவர்க்குத் தனிப் புலம் வரைதல் வேண்டும். இரு புலங்களுக்கு இடையே செல்வது செய்தியைக் குறிக்கும் விட்டுவிட்ட கோடேயன்றி, வினைவரிசையைக் குறிக்கும் முழுக்கோடு அன்று.

குறியீட்டின் எல்லை

எட்டு முதனிலைகளுள் நிலம், இன்னதற்கு, இது பயன் ஆகியவற்றுக்கு இதில் தனிக்குறி இல்லை. அவற்றை ஓரக்குறிப்பாகவே எழுதவேண்டும். அதனால் படம் பிழையின்றி அமைந்தும், அப்பணி யாருக்காக நடைபெறுகிறது என்பது மறக்கப்படலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் தந்தையின் நாட்கூலி எந்த வட்டத்திலும் செவ்வகத்திலும் இடம்பெறவில்லை என்பதை நோக்குக. வரைபவர் அதனைக் கேட்டறிந்தாலன்றிப் படம் தானே சொல்லாது.

முடிவுரை

இக்குறியீட்டைக் கற்க முதற்கண் கணினி வேண்டுவதில்லை. தாளும் எழுதுகோலும் போதும். மாணவர் தாம் அறிந்த ஒரு பணியை எடுத்துக்கொண்டு, அதனைச் செய்வோரிடம் நேரிற் கேட்டு, எட்டு முதனிலைகளையும் வினாவி, பின்னர் வரைக. வரைந்ததை அவர்களிடமே காட்டித் திருத்துக. யார் யாருக்காகக் காத்திருக்கிறார், அக்காத்திருப்பு வேண்டுவதுதானா என்னும் இரு வினாக்களுக்கு விடை கிடைக்குமாயின், கற்றது பயன்பட்டதாகும்.