வானுக்கும் வேலி உண்டு

மனிதன் நிலத்தில் வேலி போடக் கற்றுப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. வானத்தில் வேலி போட இப்போதுதான் கற்று வருகிறான். இதை நான் உணர்ந்தது விரிவுரை மண்டபத்தில் அன்று. என் மாமாவின் கோபத்தில்.

மாமா கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன்களைக் கப்பல் தளத்தில் இரும்புக் கம்பிகளால் இறுக்கிக் கட்டும் 'லாஷிங்' வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். பணி ஓய்வு நெருங்கியபோது என்னை அழைத்தார். "தம்பி வாங்கி வச்சிருக்கானே டிரோன், அதுல நான் வேலை செஞ்ச இடத்த மேலேருந்து ஒரு தடவ படம் எடுத்துக் குடுடா" என்றார். முடியாது என்றேன். "ஊரே எடுத்து யூடியூப்ல போடுது, உனக்கு மட்டும் என்னடா சட்டம்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன் நான். காரணம் எனக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் தெரிந்தது. தமிழில் சொல்ல வரவில்லை. அன்று சொல்லாமற்போன பதிலே இக்கட்டுரை.

ஆறும் துறைமுகமும்

ஒரு காலத்தில் கப்பல்கள் கிள்ளான் ஆற்றுக்குள் நுழைந்து கிள்ளான் நகர் வரை வந்தன. பெரிய கப்பல்களுக்கு ஆற்றின் ஆழம் போதவில்லை. எனவே 1901இல் ஆற்றின் முகத்துவாரத்தில் போர்ட் சுவெட்டன்ஹம் திறக்கப்பட்டது. தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பலர் கால் வைத்த கரை அது. 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறிய அத்துறைமுகம், 2024இல் இருபதடி அளவில் 1 கோடியே 46 இலட்சம் கொள்கலன்களைக் கையாண்டது.

சட்டம் சொல்வது

டிரோன் எனும் ஆளில்லா வானூர்தி, 2016ஆம் ஆண்டின் மலேசியப் பொது வான் போக்குவரத்து ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டது. அனுமதியின்றி 400 அடிக்கு மேல், அதாவது ஏறக்குறைய 120 மீட்டருக்கு மேல், பறக்கவிடக் கூடாது. கேமரா பொருத்திய டிரோன், நம் கட்டுப்பாட்டில் இல்லாத கப்பல், வாகனம், கட்டுமானம் ஆகியவற்றுக்கு 50 மீட்டருக்குள் செல்லக் கூடாது, மனிதர்களுக்கும் அப்படியே. குடியிருப்பு, வணிக, தொழிற்பகுதிகளுக்கு மேலேயோ 150 மீட்டர் அருகிலோ பறக்கவும் அனுமதி வேண்டும்.

நண்பர்களே, இப்போது துறைமுகத்தை மனக்கண்ணில் பாருங்கள். 50 மீட்டருக்குள் கப்பலோ பளுதூக்கியோ லாரியோ மனிதரோ இல்லாத இடம் அங்கே எது? பெரிய பளுதூக்கி தன் கையை உயர்த்தினால் அதன் நுனியே 100 மீட்டரைத் தாண்டும். அதற்கு மேலே பறக்கலாம் என்றால், 120 மீட்டரில் சட்டம் நிற்கிறது. துறைமுகம் என்று தனியாகப் பெயர் சொல்லாமலேயே இந்த எண்கள் அதன் வானத்தை மூடிவிடுகின்றன.

ஏன் இந்தக் கட்டுப்பாடு?

முதலாவது, இரும்பு. சூழ்ந்திருக்கும் எஃகு, டிரோனின் திசைகாட்டியைக் குழப்பும். இரண்டாவது, தண்ணீர். தாழப் பறக்கையில் பல டிரோன்கள் கீழுள்ள தரையைப் படம்பிடித்தே ஓரிடத்தில் நிலைத்து நிற்கின்றன. ஓடும் ஆற்றைத் தரையென நம்பினால் டிரோனும் தடுமாறும். மூன்றாவது, தீ. எண்ணெய்க் கப்பலின் தளத்தில் சாதாரணக் கைப்பேசிக்கே தடை உண்டு; லித்தியம் மின்கலத்துடன் சுழலும் விசிறிகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? நான்காவது, பாதுகாப்பு. 2004 ஜூலை முதல் நடப்பிலுள்ள அனைத்துலகக் கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதித்தொகுப்பின்படி வேலியும் வாயிலும் காவலும் அமைந்தன. அவை காலால் நடந்து வருபவரைத் தடுக்கும். மேலே பறந்து வருவதைத் தடுக்கா.

ஐந்தாவதுதான் என்னை உலுக்கியது. 60 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழுந்தால், காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிடில், மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தரையைத் தொடும். கீழே கப்பல் தளத்தில் நின்று கம்பியை இறுக்குபவர் யார்? மாமாவைப் போன்றவரே. மாமாவைத் தடுத்ததாக அவர் நினைத்த சட்டம், முப்பது ஆண்டுகள் அவர் நின்ற இடத்தில் நிற்பவரைத்தான் காக்கிறது.

மூடிய கதவன்று

அப்படியானால் துறைமுகத்தில் டிரோனுக்கு இடமே இல்லையா? உண்டு. பெல்ஜியத்தில் ஸ்கெல்ட் ஆற்றங்கரையில் உள்ள ஆண்ட்வெர்ப் துறைமுகம், தானாகப் பறக்கும் ஆறு டிரோன்களை 2023இல் பணியில் சேர்த்தது. கப்பல்கள் நிற்கும் இடங்களைப் பார்ப்பது, எண்ணெய்க் கசிவையும் மிதக்கும் குப்பையையும் கண்டறிவது அவற்றின் வேலை. எது, எப்போது, எந்த உயரத்தில் பறக்கிறது என்பது முன்பே தெரிந்திருப்பதால் அது இயல்கிறது. நம் நாட்டிலும் வான் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியும் இடத்திற்கு உரியவரின் இசைவும் பெற்று முறையாகப் பறக்கவிடலாம். வேலி என்றால் வாயிலும் உண்டு; வேலியைத் தாண்டிக் குதிப்பவனுக்குத்தான் வாயில் தெரிவதில்லை.

இவற்றையெல்லாம் தமிழில் எழுதி மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். ஐந்தாவது காரணம் வந்ததும், "இத மொதல்லயே சொல்லக் கூடாதாடா?" என்றார். அடுத்த ஞாயிறு இருவரும் பூலாவ் கெத்தாம் படகில் ஏறினோம். துறைமுகத்தைக் கடந்தபோது அவர் ஒவ்வொரு பளுதூக்கியாகக் கை நீட்டிக் கதை சொன்னார். நான் கைப்பேசியில் பதிவு செய்தேன். மேலேயிருந்து எடுத்திருந்தால் கப்பல்கள் தெரிந்திருக்கும். மாமாவின் முகம் தெரிந்திராது.

அறிவியலை எந்த மொழியில் கற்றாலும் கற்போம். அதை வீட்டில் இருப்பவரிடம் தமிழில் எடுத்துச் சொல்லவும் பழகுவோம்.