உயிர்மெய்யைப் பிளந்து நுழையும் ஒட்டு

அன்பு மருமகளே,

உன் கடிதம் கிடைத்தது. சொல்லுக்குள் புகும் ஒட்டைப் பற்றி வகுப்பில் சொன்னார்களாம். ‘செய்தான்’ என்பதன் நடுவில் நிற்கும் ‘த்’ அதுதானே என்று கேட்டிருக்கிறாய். இல்லை. ஆனால் உன் வயதில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நன்னூல் சொல்லும் ஆறு பகுபத உறுப்புகளில் இடைநிலையும் ஒன்று. பகுதிக்கும் விகுதிக்கும் இடையில் நிற்பதால் அந்தப் பெயர். ‘செய்’ முழுதாக முடிந்த பிறகுதான் ‘த்’ வருகிறது. பகுதியின்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. நீ கேட்கும் ஒட்டோ பகுதியையே பிளந்துகொண்டு உள்ளே போய் உட்காரும். அதை உள்ளொட்டு என்று வைத்துக்கொள்வோம்.

பிலிப்பைன்ஸில் பேசும் தகாலோக் மொழிக்குப் போவோம். அங்கே ‘ஸுலத்’ என்றால் எழுதுதல். கடிதத்துக்கும் அதே சொல்தான். ‘ஸு’வை எப்படிப் பிரிப்பாய்? ஸ் + உ. அந்த மெய்க்கும் உயிருக்கும் நடுவில் ‘உம்’ வை: ஸ் + உம் + உலத். ‘ஸுமுலத்’ வந்துவிட்டதா? ‘எழுதினார்’ என்று பொருள். பேச்சு எழுதியவரைப் பற்றியது. ‘உம்’மை எடுத்துவிட்டு ‘இன்’ வைத்தால் ‘ஸினுலத்’. இப்போது பேச்சு எழுதப்பட்டதைப் பற்றியது. (நம் ‘உம்’ இடைச்சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை, ஒலிதான் ஒன்று.) உயிர்மெய் எழுதிப் பழகிய நமக்கு இது எவ்வளவு எளிதாகக் கண்ணில் படுகிறது பார்!

தகாலோக் பேசுகிறவர்களின் அடுக்களையிலும் இந்த ‘இன்’ இருக்கிறது. ‘ஸிகாங்’ என்றால் புளிப்புச் சாற்றில் கொதிக்க வைப்பது. அப்படிக் கொதிக்க வைத்தது ‘ஸினிகாங்’. பெரும்பாலும் புளியில்தான் செய்வார்கள். மீனோ இறைச்சியோ காய்கறியோடு அதில் வேகும்.

சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளாமல் ஏன் உள்ளே போகவேண்டும்? வாய்விட்டுச் சொல்லிப் பார். ‘உம்ஸுலத்’ என்றால் இரண்டு மெய்கள் முட்டிக்கொள்கின்றன. ‘ஸு-மு-லத்’ என்றால் மெய்யும் உயிருமாக மாறி மாறி வழுக்கிக்கொண்டு போகிறது. மொழியியலாளர்கள் தரும் விளக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

உள்ளொட்டைப் புதுக் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடாதே. சமஸ்கிருதத்தில் ‘யுஜ்’ என்ற வேர் உண்டு. யோகம், யுக்தி எல்லாம் அதிலிருந்து வந்தவை. அதன் வினைமுற்று ‘யுனக்தி’: சேர்க்கிறான். வேரின் ‘உ’வுக்கும் ‘ஜ்’ஜுக்கும் நடுவே ‘ன’ புகுந்திருக்கிறது. இத்தகைய ஒட்டுகளுக்கு, அந்த மொழிக்கு இலக்கணம் செய்த பாணினி ‘ம்’ என்று ஓர் அடையாளம் இட்டார். அந்த அடையாளம் உள்ளது எதுவானாலும் கடைசி உயிருக்கு அடுத்துப் போய் நிற்கவேண்டும் என்று சூத்திரமும் செய்தார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் ஒட்டுக்கு முகவரி எழுதிவைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இனி உன் முறை. தகாலோக்கில் ‘பிலி’ என்றால் வாங்குதல். ‘உம்’ ஒன்று, ‘இன்’ ஒன்று போட்டு இரண்டு சொற்களையும் எழுதி அனுப்பு. அடுத்தது கொஞ்சம் கடினம். ஆங்கிலத்திலிருந்து ‘க்ரத்வெத்’ என்று ஒரு சொல் அங்கே போயிருக்கிறது, பட்டம் பெறுவது. தொடக்கத்திலேயே இரண்டு மெய்கள். ‘உம்’ எதன் பின்னால் போகும், க்-குக்கா, ர்-ருக்கா? அந்த ஊர்க்காரர்களே இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். உன் காதுக்கு எது சரியாகப் படுகிறது, ஏன் என்று எழுது.

அன்புடன்,
மாமா