கதிர்வீச்சுச் சிகிச்சையும் வாய்ப் பராமரிப்பும்

கல்வராயன் மலைச் சங்கமொன்றின் கணக்கைப் பார்வையிட நாம் சென்றிருந்தபோது, மரவள்ளி பயிரிடும் அங்கத்தினர் ஒருவரைக் கண்டோம். நாக்கிலுண்டான புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று வந்தவர், மூன்றாம் வாரத்திலேயே ஊர் திரும்பியிருந்தார். “வாயெல்லாம் வெந்து போச்சுங்க, கஞ்சிகூட இறங்கலை” என்றார். அவர் போன்றோர்க்காகவே இப்பாடம்.

கதிர்கள் நோயணுக்களை அழிக்கும்போது வாயின் மென்மையான உட்தோலையும் தாக்குகின்றன. ஆதலால் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வாரங்களில் வாய் சிவந்து புண்ணாகும். சிகிச்சை முடிந்த சில வாரங்களில் புண் ஆறிவிடும். உமிழ்நீர்ச் சுரப்பிகள் பாதிக்கப்பட்டால், வாய்க்கால் அடைபட்ட வயலைப்போல வாய் வறளும். இவ்வறட்சி சிலருக்கு நெடுநாள் நீடிக்கும். பற்கள் விரைவில் சொத்தையாகும். சுவையும் சில மாதங்கள் குன்றியிருக்கும்.

செய்யத்தக்கவை வருமாறு:

1. சிகிச்சை தொடங்குமுன் பல் வைத்தியரிடம் காட்டுக. பிடுங்க வேண்டிய பற்களை முன்னதாகவே பிடுங்கிப் புண் ஆற இரு வாரமேனும் விடுதல் நலம். பின்னர், ஆண்டுகள் சென்றாலும், கதிர்வீச்சுப் பெற்றதைக் கூறாமல் பல் பிடுங்கலாகாது. தாடையெலும்பு ஆறாமல் அழியக்கூடும்.

2. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் உப்பும் சமையல் சோடாவும் ஒவ்வொரு தேக்கரண்டி கரைத்து, நாள்தோறும் பலமுறை கொப்பளித்துத் துப்புக. வெண்படலம் தோன்றினால் வைத்தியரிடம் காட்டுக, அது பூஞ்சையாயிருக்கலாம்.

3. ஆறிய கேழ்வரகுக் கஞ்சி, குழைந்த சாமைச் சோறு, பருப்பு, முட்டை ஆகியவை ஏற்றவை. மிளகாய், புளி, ஊறுகாய் ஆகா. புகையிலை, வெற்றிலைபாக்கு, மது ஆகியவற்றை அறவே விடுக.

4. தாடை இறுகாதிருக்க, வைத்தியர் காட்டும் வாய்ப் பயிற்சியை நாள்தோறும் செய்க.

யாவற்றினும் முக்கியமானது, சிகிச்சையை இடையில் நிறுத்தாமையே. வழக்கமாக வாரத்திற்கு 5 நாட்களாக 6, 7 வாரங்கள் இது நடைபெறும். தவணை தவறினால் கடன் வளர்வதைப்போல, நாள் தவறினால் நோய் மீண்டும் வளர இடமுண்டு. வலிக்கு மருந்துண்டு, விழுங்க இயலாதவர்க்குக் குழாய் வழியே உணவளிக்கவும் இயலும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பெற்ற அடையாறு புற்றுநோய் நிலையத்திலும், புதுச்சேரி ஜிப்மரிலும் இச்சிகிச்சை உண்டு. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவும்.

நாம் கண்ட அங்கத்தினர் மறுநாளே மைத்துனருடன் மருத்துவமனைக்குத் திரும்பினார். அவரது கொல்லையின் களையெடுப்பை அண்டை வீட்டார் ஏற்றுக்கொண்டனர். நோயுற்றவரின் தறியும் பயிரும் நிற்காதபடி பார்த்துக்கொள்வதும் கூட்டுறவேயன்றோ!