பூதத்தை விட்டுப் பிரபுவைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் பித்துப் பிடித்த விஞ்ஞானி ஒருவனின் கதையைப் படமாக்கத் துணிந்திருக்கிறாய். இந்த வகைப் படத்தில் இறங்குகிற எல்லோருக்கும் முதல் கவலை பூதத்தின் முகம்தான். மேக்கப்புக்கு எவ்வளவு, கிராஃபிக்ஸுக்கு எவ்வளவு என்றுதான் கணக்கே தொடங்கும். அந்தக் கணக்கை எடுப்பதற்கு முன்னால், 1957-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘தி கர்ஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ எப்படி உருவானது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

படத்தை எடுத்த ஹாமர் ஒரு சிறு நிறுவனம். செலவு ஏறக்குறைய 65,000 பவுண்டு. அந்தக் காலத்துக்கும் அது சின்னத் தொகைதான். பெரிய ஸ்டூடியோ எதுவும் கிடையாது. தேம்ஸ் நதிக்கரையில் பிரே என்ற ஊருக்கருகே இருந்த ஒரு பழைய மாளிகைதான் அவர்களுடைய படப்பிடிப்புத் தளம். மேரி ஷெல்லியின் நாவல் 1818-இல் வந்தது. அதை யார் வேண்டுமானாலும் படமாக்கலாம். ஆனால் உலகம் அறிந்த பூதத்தின் முகம் நாவலில் இல்லை. தட்டையான மண்டையும் கழுத்தில் உலோக முளைகளுமாக யுனிவர்சல் நிறுவனம் 1931-இல் எடுத்த படத்தில் பூதமாக நடித்த போரிஸ் கார்லோஃபுக்கு ஜாக் பியர்ஸ் போட்ட மேக்கப் அது. அதன் சாயல் தெரிந்தாலே வழக்குப் போட அந்த நிறுவனம் தயாராக இருந்தது.

பணமும் இல்லை, பழகிய முகமும் இல்லை. கதாசிரியர் ஜிம்மி சாங்ஸ்டர் கதையின் பாரத்தை பூதத்தின் தோளிலிருந்து இறக்கி, அதைச் செய்தவன் தோளில் ஏற்றினார். கில்லட்டினுக்குக் காத்திருக்கும் பிரபு விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் சிறையில் ஒரு பாதிரியாரிடம் சொல்லும் கதையாகவே படம் விரிகிறது. அவன் வாயால் கேட்பதால், அவன் மனம் போகிற வழியில் நாமும் போக நேர்கிறது.

அந்த வழி எவ்வளவு படிப்படியாகச் சரிகிறது என்று கவனி. முதலில் ஒரு நாய்க்குட்டிக்கு உயிர் திரும்புகிறது. அதில் தவறு காண யாராலும் முடியாது. பிறகு தூக்கிலிடப்பட்ட கொள்ளைக்காரனின் உடல், விலைக்கு வாங்கிய கைகள், விலைக்கு வாங்கிய கண்கள். கடைசியில் ஒரு மேதையின் மூளை வேண்டும். வயதான பேராசிரியர் பெர்ன்ஸ்டைனை வீட்டுக்கு அழைத்து, உபசரித்து, மாடியில் ஓர் ஓவியத்தைக் காட்டுகிறான் விக்டர். சற்றுப் பின்னால் தள்ளி நின்று பார்க்கும்படி மரியாதையாகச் சொல்கிறான். அடுத்த கணம் பேராசிரியர் கீழே விழுந்து இறக்கிறார். அந்தக் காட்சியில் பூதம் இல்லை, ரத்த வெள்ளம் இல்லை. உபசாரம் மட்டும்தான் இருக்கிறது.

பீட்டர் குஷிங் விக்டர் பாத்திரத்தைக் கைகளாலேயே நடித்தார் என்று சொல்லலாம். கொள்ளைக்காரனின் தலையை அறுத்து எடுத்தபின், கையில் பட்ட ரத்தத்தைத் தன் கோட்டிலேயே போகிற போக்கில் துடைத்துக்கொள்கிறார். வேலையில் மூழ்கிய தச்சன் மரத்தூளைத் தட்டிவிடுவதுபோல இருக்கும் அந்தச் செய்கை. விக்டரின் மனசாட்சி எந்த நிலையில் இருக்கிறது என்பதை விளக்க அதற்குமேல் வசனம் தேவைப்படவில்லை. உன் நடிகருக்கும் இப்படிப்பட்ட வேலைகளைக் கொடு. கருவிகளை முன்கூட்டியே கொடுத்து, கை பழகும்வரை புழங்கவிடு.

இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷர் அதற்கு முன்பு படத்தொகுப்பாளராக இருந்தவர். அந்தப் பயிற்சியின் பலனை ஜஸ்டின் என்ற பணிப்பெண்ணின் காட்சியில் பார்க்கலாம். தன் வயிற்றில் வளரும் குழந்தைக்கு விக்டர்தான் தகப்பன் என்கிறாள்; மணந்துகொள்ளாவிட்டால் ஊரில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுகிறாள். ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தவளை, பூதம் இருக்கும் அறையில் வைத்துப் பூட்டிவிடுகிறான் அவன். அலறல் கேட்கிறது. உடனே வெட்டு. காலைச் சாப்பாட்டு மேசையில், வருங்கால மனைவி எலிசபெத்திடம் மார்மலேடை எடுத்துத் தரச் சொல்லிக்கொண்டிருக்கிறான் விக்டர். கொலையைக் காட்டியிருந்தால் அதிர்ச்சி அந்த நிமிடத்தோடு தீர்ந்திருக்கும். சாப்பாட்டைக் காட்டியதால் அது படம் முடிகிறவரை நம்மை விடுவதில்லை.

ஹாமரின் முதல் வண்ணத் திகில் படம் இது. ஒளிப்பதிவாளர் ஜாக் ஆஷரும் தயாரிப்பு வடிவமைப்பாளர் பெர்னார்ட் ராபின்சனும் சின்ன அறைகளைச் செழிப்பான வீடாகக் காட்டினார்கள். நல்ல தளவாடம், பட்டுத் துணி, மெழுகுவர்த்தி, இவற்றுக்கு நடுவே சிவப்பு ஒரு துளி விழுந்தாலும் கண்ணில் அறைகிறது. படம் முழுக்கச் சிவப்பைக் கொட்டியிருந்தால் அந்தத் துளிக்கு மதிப்பே இருந்திருக்காது.

பூதத்தை அவர்கள் அலட்சியப்படுத்தினார்கள் என்று நினைத்துவிடாதே. மேக்கப் கலைஞர் ஃபில் லீக்கி பல சோதனைகளுக்குப் பிறகு கடைசி நேரத்தில்தான் அந்தத் தையல் போட்ட, வெளிறிய முகத்துக்கு வந்து சேர்ந்தார். பூதமாக நடித்த, ஆறடி ஐந்து அங்குல உயரமான கிறிஸ்டோபர் லீக்கு ஒரு வரி வசனம்கூட இல்லை. பின்பகுதியில் ஒரு காட்சி: சங்கிலியில் கட்டுண்ட பூதத்தை, எழு, உட்கார் என்று பழக்கிக் காட்டுகிறான் விக்டர். மேதையின் மூளையைப் பொருத்தியதாகப் பெருமைப்பட்டவனுக்கு மிஞ்சியது அவ்வளவுதான். அங்கே நமக்கு பூதத்தின் மீது இரக்கமும், செய்தவன் மீது பயமும் வருகின்றன. இந்த இரண்டும் இடம் மாறாமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு.

அன்றைய பிரிட்டிஷ் விமர்சகர்களில் பலர் படத்தை அருவருப்போடு ஒதுக்கினார்கள்; ரசிகர்கள் திரண்டு வந்தார்கள். 1974 வரை குஷிங் ஆறு ஹாமர் படங்களில் விக்டராக நடித்தார். லீ திரும்பி வரவில்லை. படத்துக்குப் படம் பூதம் மாறியது, பிரபு மாறவில்லை. யுனிவர்சல் தொடரில் படத்துக்குப் படம் திரும்பி வந்தது பூதம்.

ஆகவே அடுத்த வரைவை எழுதுவதற்கு முன் இந்தப் படத்தை இரண்டு தடவை பார். இரண்டாம் தடவை ஒலியை நிறுத்திவிட்டு குஷிங்கின் கைகளை மட்டும் கவனி. பிறகு 1958-இல் வந்த ‘தி ரிவெஞ்ச் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தைப் பார். அதே விக்டர் அங்கே ஏழைகளின் மருத்துவமனையில் வேலை செய்கிறான். அதற்குப் பிறகு, உன் விஞ்ஞானி செய்யும் முதல் நல்ல காரியம் எது, அதிலிருந்து முதல் குற்றத்துக்கு எத்தனை படிகள் என்று ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. பூதத்தின் படத்தை இப்போது அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
உன் அண்ணன்